கற்கண்டு டப்பா இன்னும் தீரவில்லை, அண்ணே

அண்ணே,

காலையில் பீரோவைத் திறந்து, சட்டசபைக்குக் கட்டிக்கொண்டு போகும் வெள்ளைச் சேலையை உருவினேன். மடிப்புக்குள்ளிருந்து உங்கள் தகர டப்பா விழுந்து மூடி தெறித்தது. பனங்கற்கண்டும் மிளகும் சுக்கும் கலந்த அந்த வாசனை அறை முழுக்க பரவிவிட்டது. பொறுக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் நம் கட்சி எம்.எல்.ஏ.க்கள் இரண்டு தவணையாக என் வீட்டுக்கு வந்தார்கள். முதலில் முதல்வர் அணி. அவர்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள் எதிர் அணி. இரண்டு அணிக்கும் அதே காபி, அதே முறுக்கு. கேட்டதும் ஒரே கோரிக்கைதான். "அக்கா, சபாநாயகர் நாற்காலியில நீங்க உக்காந்துடுங்க. ரெண்டு பக்கமும் ஒத்துக்கற ஆளு உங்களைத் தவிர யாரும் இல்ல." காலையில் பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். ஆமாம் அண்ணே, தேர்தலில் மறுபடியும் ஜெயித்தோம், மறுபடியும் இரண்டாகப் பிளந்து நிற்கிறோம், அதே நாற்காலிக்காக. நீங்கள் இருந்திருந்தால் "இவனுங்க திருந்தவே மாட்டானுங்களா" என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

போன முறையும் இதே கூத்துதானே. முதல்வர் பின்னால் பாதிப் பேர், முதல்வர் ஆக முடியாமல் போனவர் பின்னால் பாதிப் பேர். கட்சி தாவுகிறவனின் பதவியைப் பறிப்பதா விடுவதா என்று முடிவு செய்கிறவர் சபாநாயகர். ஒருவரையொருவர் நம்பாத இரண்டு அணியும் அந்த நாற்காலியில் தன் ஆளை உட்கார வைக்கத்தான் பார்க்கும். நம் ஓட்டு பிரிந்தால் எதிர்க்கட்சி நோகாமல் அந்த இடத்தைத் தட்டிக்கொண்டு போய்விடும், ஆட்சியும் ஆட்டம் கண்டுவிடும். ஓர் அணி கடற்கரையோர ஹோட்டலில் கதவைச் சாத்திக்கொண்டது. இன்னோர் அணி எல்லையில் இருக்கும் கோரிமேட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய் அறை எடுத்துக்கொண்டது. என்னவோ வெளிநாட்டுக்குத் தப்பித்துப் போனது போல அவர்களுக்கு நினைப்பு. நீங்கள் ஒருவர்தான் எங்கேயும் போகவில்லை. "எனக்குக் கடல் சத்தம் கேக்காம தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு, காலாப்பட்டைத் தாண்டி இருக்கும் உங்கள் மீனவக் குப்பத்துக்கே போய்விட்டீர்கள்.

கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் உங்கள் பெயர்தான் ஒத்துவந்தது. சம்மதிக்க வைக்க என்னை அனுப்பினார்கள். கட்சியில் நீங்கள் திட்டாத ஒரே ஆள் நான்தானாம். திட்டாமலா இருந்தீர்கள்? மற்றவர்களைத் திட்டியதை விடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அன்றைக்கு நீங்கள் கரையில் நின்றுகொண்டிருந்தீர்கள். வந்த விஷயத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் கையை நீட்டிக் கடலைக் காட்டினீர்கள். "அந்தப் படகு ஆடுது பாத்தியாம்மா? அதுக்குக் கீழதான் நான் பொறந்த வீடு." முன்னால் இருந்த இரண்டு வரிசை வீடுகளையும் அலை தின்றுவிட்டிருந்தது. அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் மிச்சமாவது நிற்கும் என்று சபையில் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நீங்கள் எழுந்தாலே "கல்லு வந்துருச்சுய்யா" என்று பின்வரிசையில் கிண்டல் செய்வார்கள். மைக்கை அணைத்தாலும் விட மாட்டீர்கள், தொண்டையாலேயே சபையை நிரப்புவீர்கள். அந்தத் தொண்டைக்காகத்தான் இந்த டப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த சொல்தா நண்பர் ஒருவர் மிட்டாயோடு கொடுத்தது. மிட்டாய் தீர்ந்ததும் அண்ணி அதில் கற்கண்டை இடித்துப் போட்டுக் கொடுத்தாராம்.

"அங்க போய் உக்காந்துட்டா யாரு பேசறாங்கன்னு பாத்துக்கினு இருக்கணும், நாம பேசக் கூடாது. என் ஊரு என்னைப் பேசத்தாம்மா அனுப்பிச்சிது" என்றீர்கள்.

நான் யோசிக்கவே இல்லை அண்ணே. "உங்களுக்குப் பதிலா நான் கேக்கறேண்ணே. ஒவ்வொரு கூட்டத்துலயும் என் முதல் கேள்வி உங்க கல்லுதான். சத்தியமா" என்றேன். நீங்கள் சட்டைப் பையிலிருந்து இந்த டப்பாவை எடுத்து என் கையில் வைத்தீர்கள். "அப்ப இது உனக்குத்தான் வேணும்."

மறுநாள் ஓர் அணிக்காரர் உங்கள் பெயரை முன்மொழிய, இன்னோர் அணிக்காரர் வழிமொழிந்தார். ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். முதல்வரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உங்களை நாற்காலிக்குக் கூட்டிப் போனார்கள். போகிற வழியில் உங்கள் பழைய இருக்கையிடம் ஒரு நொடி நின்று மேஜையைத் தடவினீர்கள். மேலே ஏறி உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, பழக்க தோஷத்தில் கணீரென்று ஆரம்பித்தீர்கள்: "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே!" உங்களை நீங்களே விளித்துக்கொண்டீர்கள்! சபையே குலுங்கிச் சிரித்தது. இரண்டு அணியும் சேர்ந்து சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நீங்களும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தீர்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு அடக்க முடியவில்லை.

முதல் கூட்டத்தில் கேட்டேன். ஒரு கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு, உங்கள் குப்பத்துப் பெயரை மூன்று முறை சொல்லிக் கேட்டேன். பரிசீலனையில் இருப்பதாக அமைச்சர் சொன்னார். இரண்டாவது கூட்டத்திலும் கேட்டேன். அதே பதில். அப்புறம் எனக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி வந்தது. முதல்வர் கூப்பிட்டு, "அக்கா, நம்ம ஆளே நம்மளைக் கேள்வி கேட்டா எதிர்க்கட்சிக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இல்ல? அந்தக் கல்லு விஷயத்தை மட்டும் கொஞ்சம் ஆறப் போடுங்க" என்றார். நானும் ஆறப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை அண்ணே. கொடி கட்டிய கார் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

மூன்றாவது கூட்டத்தில் நீங்கள் என் பெயரைக் கூப்பிட்டீர்கள். எழுந்து, சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் இல்லை என்று பேசினேன். அதுவும் நியாயமான கேள்விதான், என் தொகுதிப் பெண்கள் தினம் படுகிற பாடுதான். பேசி முடித்து உட்காரப் போனேன். நீங்கள் அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை.

"உறுப்பினருக்கு வேறு கேள்வி ஏதும் உண்டா?"

"இல்லை, பேரவைத் தலைவர் அவர்களே" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு யாரிடமும் நீங்கள் அப்படிக் கேட்டதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் என்னிடம் மட்டும் கேட்டீர்கள், நானும் ஒவ்வொரு முறையும் இல்லை என்றேன். வெளியே வந்தால் ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்கள். "சாப்ட்டியாம்மா?" என்பீர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் வஞ்சிரம் கொடுத்து அனுப்புவீர்கள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

பதவிக் காலம் முடிவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தீர்கள், அண்ணி அதட்டிப் படுக்க வைத்தார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

"டப்பா வச்சிருக்கியாம்மா?" என்றீர்கள்.

"பையிலயே இருக்குதுண்ணே" என்று எடுத்துக் காட்டினேன். வாங்கிக் காதோரம் ஆட்டிப் பார்த்தீர்கள். கலகலவென்று சத்தம் வந்தது.

"தீரவே இல்லியா?" என்று கேட்டு, சிரித்துவிட்டு, டப்பாவை என் மடியில் வைத்தீர்கள். அப்புறம் நண்டு விலை, யார் படகுக்கு எஞ்சின் மாற்றினார்கள் என்று பேச்சு எங்கெங்கோ போனது. நான் கோரிமேட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் தாங்கினேன். அங்கே காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுதேன். எம்.எல்.ஏ. அம்மா அழுகிறார் என்று நாலு பேர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்கள்.

போன மாதம் ஓட்டுக் கேட்கப் போகிற வழியில் உங்கள் குப்பத்தில் இறங்கினேன். மீன் ஏலம் போடும் கொட்டகையில் பாதிதான் இருக்கிறது. அண்ணி வாசலிலிருந்து பார்த்தால் கடல் பத்தடி. உங்கள் தொகுதியில் இப்போது எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்திருக்கிறார். அவர் கேட்பாரோ மாட்டாரோ, அன்றைக்கு வாக்குக் கொடுத்தவள் நான்.

தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் போன் போட்டேன். நான் உட்கார மாட்டேன் என்று சொன்னேன். "கட்சி உடைஞ்சிடும்க்கா" என்று இரண்டு பக்கமும் ஒன்று போலச் சொன்னார்கள்.

"போன தடவை கட்சி உடையாம இருக்க ஒரு நல்ல மனுஷன் வாயை அடைச்சோம். அதுக்கு நான்தான் தூது போனேன். இந்தத் தடவை உங்க சண்டையை நீங்களே மூஞ்சியப் பாத்துப் பேசித் தீத்துக்குங்க. நான் கீழ, என் எடத்துலதான் இருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மந்திரி பதவி என்று ஏதாவது எனக்கு வருவதாக இருந்தால் அதுவும் போச்சு. போகட்டும் அண்ணே.

யார் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறார்கள் என்று இதை எழுதும் வரை தெரியவில்லை. யாராக இருந்தாலும் கேள்வி நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். என் முதல் கேள்வியைத் தாளில் எழுதி வைத்துவிட்டேன், உங்கள் குப்பத்துப் பெயரோடு. வேறு கேள்வி உண்டா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டியிருக்காது. இப்போது ஒரு கற்கண்டை வாயில் போட்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இறுகிக் கல்லாகிவிட்டது, ஆனாலும் மெல்லக் கரைகிறது. டப்பா என் கைப்பையில்தான் இருக்கும். வெறும் டப்பாவான பிறகுதான் அதை அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

உங்கள் தங்கச்சி