நீலம் கண்டால் தாண்டு

பர்ன்ஃபுட் வீடு, விட்ரிக்
வெள்ளிக்கிழமை, விடியுமுன்

அன்புள்ள வாலஸுக்கு,

நெட்டா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். இன்றைக்கு அது பேனாவில் இறங்க மறுக்கிறது. மிர்ட்டிலைக் காணவில்லை. நேற்று மாலையிலிருந்து அவள் படுக்கும் நாய்க்கூடு காலி.

வெளிச்சம் வரட்டும் என்று காத்திருக்கிறேன். டிசம்பரில் நம் ஊர்ச் சூரியனுக்கு எவ்வளவு சோம்பல் என்று உனக்குத் தெரியும். பூட்ஸ் மாட்டியாயிற்று, உன் பழைய குறடு பையில் கிடக்கிறது, விசில் கழுத்தில் தொங்குகிறது. எஸ்டேட்டிலிருந்து கிடியன் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் ஃபாக்லண்டு தீவுக்குப் பேசினால் பாதி நேரம் காற்றுதான் கேட்கிறது. மீதி நேரம் நீ பெங்குவின்களைப் பற்றிப் பேசுகிறாய்.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று பறவை வேட்டையின் கடைசிச் சுற்று. சுடுகிறவர்களுக்குப் பின்னால், வழக்கமான இடத்தில், விழும் பறவைகளைத் தேடி எடுக்க நாய்களோடு நின்றிருந்தேன். ஒரு ஃபெசன்ட் காட்டுச்சேவல் இறக்கையில் மட்டும் அடிபட்டு விழுந்து, எழுந்து ஓட ஆரம்பித்தது. அடிபட்ட பறவையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட என்னால் முடியாது. மிர்ட்டிலை அனுப்பினேன். மூக்கைத் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கினாள். அவள் வால் ஆடிய விதத்தைப் பார்த்து, சேவல் கிடைத்தமாதிரிதான் என்று நினைத்துச் சிரித்தேன். அப்போது மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. பிறகு வாலும் தெரியவில்லை, நாயும் தெரியவில்லை.

விசில் அடித்து அடித்து உதடு வெடித்துவிட்டது. கிடியன் பறவை கலைக்கும் ஆட்களை எல்லாம் வரிசையாக விட்டு, பெரணிக் காடு முழுக்கத் தேடச் சொன்னார். எஸ்டேட் வேட்டையே தன் தலைமேல்தான் நிற்கிறது என்று நடக்கிற மனிதர், நேற்று விருந்தாளிகளை அம்போவென்று விட்டுவிட்டு எங்களோடு சேற்றில் நடந்தார். முழு இருட்டானதும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நெட்டா, நீயும் எங்கேயாவது விழுந்து தொலைச்சா நான் எத்தனை பேரைத் தேடுறது? அவளுக்கு ஒடம்பு பூரா ரோமம் இருக்கு. ஒனக்கு என்ன இருக்கு?" என்றார். "எனக்குக் கோவம் இருக்கு" என்றேன். அதற்கும் தலையாட்டிவிட்டு என்னை வண்டியில் ஏற்றிவிட்டார்.

அவள் கழுத்தில் பட்டைகூட இல்லை. வேலை நாளில் கழற்றித்தானே விடுகிறோம், கம்பியில் மாட்டக்கூடாது என்று. இப்போது யாராவது கண்டெடுத்தாலும் அவள் யார் வீட்டு நாய் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்? நல்லதுக்கென்று செய்வதெல்லாம் இந்த ஊரில் இப்படித்தான் திரும்பி நின்று பல்லைக் காட்டுகிறது.

அவள் கம்பியில் இருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ரோவனின் மகள்தான், ஆனால் ரோவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற ஜாதி இல்லை. முள்கம்பியைக் கண்டால் உட்கார்ந்துவிடுவாள். நான் போய்த் தூக்கிவிடும்வரை அசைய மாட்டாள். ஒரே ஒரு விலக்கு, தாண்டுமிடங்களில் நீ முள்கம்பியை மூடி மாட்டிய நீலக் குழாய். அதைக் கண்டால் மட்டும் கேட்காமல் தாண்டலாம். அப்படித்தானே பழக்கினாய்? அதனால் நான் தொங்குகிற நாயைத் தேடப் போகவில்லை, எங்கேயோ ஒரு வேலியோரம் உட்கார்ந்து காத்திருக்கிற நாயைத்தான் தேடப் போகிறேன். இப்படி எழுதிப் பார்த்தால் நம்ப முடிகிறது.

உறைபனி கடுமையாக இருக்கிறது. வாளித் தண்ணீர் கல்லாகிவிட்டது. கோழிகள் வெளியே வரவே இல்லை. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நீ போட்ட புது வேலியோரமாகப் பெங்குவின்கள் வரிசை கட்டி நடந்து வாசல் தேடுகின்றன என்று எழுதியிருந்தாய். சிரித்தேன். கடைசிவரை படித்துவிட்டு, திரும்பி வருவதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பின்பக்கமும் பார்த்தேன்.

வண்டிச் சத்தம் கேட்கிறது. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வெள்ளி, பிற்பகல், நாய் டாக்டர் வீட்டு வரவேற்பறை

கிடைத்துவிட்டாள். உயிரோடு இருக்கிறாள். முதலில் இதை எழுதிவிடுகிறேன், நீ நின்றுகொண்டே படிப்பாய் என்று தெரியும். உட்கார்ந்து மீதியைப் படி.

எங்கள் பக்கத்து வேலி முழுவதையும் நடந்து முடித்தோம். எங்கேயும் இல்லை. ஓடையைத் தாண்டி, ஹோகார்த்தின் நிலத்துப் பக்கம் ஏறும்போது ஒரு மனிதக் குரல் கேட்டது. கத்திக் கத்தித் தேய்ந்துபோன குரல். நினியன் ஹோகார்த்தை உனக்குத் தெரியாது, நீ போனபிறகு மேல்பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவர். கோடை முழுக்க அவரோடு எனக்குச் சண்டை. அவர் ஆடுகள் என் கோஸ் பாத்தியைத் தின்னும், என் நாய்கள் அவர் ஆடுகளை முறைக்கும், கடையில் பார்த்தால் இரண்டு பேரும் ரொட்டியைப் பார்ப்போம்.

அந்த மனிதர் அவருடைய புது வேலியோரம் மிர்ட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். அவள் பின்னங்கால் மேலிரண்டு முள்கம்பிகளுக்கு நடுவே முறுக்கிக்கொண்டிருந்தது. விடிந்ததும் ஆடுகளுக்குத் தீனி போட வந்தவர் பார்த்திருக்கிறார். கீழே மேடு இருந்ததால் முன்னங்கால்கள் தரையைத் தொட்டிருக்கின்றன, அதனால்தான் பிழைத்தாள். ஆனால் ஹோகார்த் கையை எடுத்தால் முழு பாரமும் அந்தக் காலில் இறங்கும். கையை எடுக்காமல் கம்பியைத் தொட முடியாது. நாயை விட்டுவிட்டு ஆள் கூப்பிட ஓடவும் மனசு வரவில்லை. அப்படியே நின்று கத்தியிருக்கிறார். மீசையெல்லாம் பனி.

"வெட்டுங்க, நெட்டா! கம்பிய வெட்டித் தொலைங்க! கை செத்துப்போச்சு!" என்றார்.

குறடு என் கையில் இருந்தது. வெட்டத்தான் கை போனது. அப்புறம் நீ கம்பி இழுத்துக் கட்டுவது கண்முன் வந்தது, அது எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்று. "வெட்டுனா சுருண்டு வந்து அவ கண்ணையும் புடுங்கும், ஒங்க கண்ணையும் புடுங்கும். பேசாம புடிங்க" என்றேன். ஒரு பக்கக் கம்பத்தில் நானும் மறுபக்கக் கம்பத்தில் கிடியனும் கொக்கி ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தோம். புது மரம், ஆணி லேசில் வரவில்லை. விரலைக் கிழித்துக்கொண்டேன். மிர்ட்டில் ஒரு சத்தமும் போடவில்லை. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கடைசியில் கம்பி தொய்ந்தது. முறுக்கைத் திருப்பிப் பாதத்தை உருவினேன். பாதம் கல் மாதிரி சில்லிட்டிருந்தது.

ஹோகார்த் நாயோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. என் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றினேன். அப்போதுதான் நிமிர்ந்து வேலியைப் பார்த்தேன்.

மேல் கம்பி நெடுகிலும் நீலம். தீவனச் சாக்கைக் கிழித்து நாடா நாடாவாகக் கட்டியிருந்தார். "மான் வந்து மோதி மோதிச் சாவுது. கண்ணுக்குத் தெரியட்டும்னு கட்டினேன்" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. சேவலைத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறாள், பனியில் நீலம் தெரிந்திருக்கிறது, தாண்டியிருக்கிறாள். நீ சொல்லிக்கொடுத்தபடி.

உன்மேல் கோபம் வந்தது, வாலஸ். மறைக்க மாட்டேன். அந்த மனிதர் முன்னால் உன் பெயரைச் சொல்லித் திட்டினேன். நாய்களைப் பழக்க ஊர் உலகத்தில் வேறு நிறமே கிடைக்கவில்லையா என்று கத்தினேன். கிடியன் தொப்பியைக் கழற்றி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஹோகார்த் "யாருங்க அது வாலஸ்?" என்றார் பாவம்போல. "என் வீட்டுக்காரர். வேலி போடறவர்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

நாய் டாக்டர் மிஸ் பிரிங்கிள் காலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். எலும்பு முறியவில்லை. தசைநாரும் தப்பித்துவிட்டது. ஆனால் ரத்தம் பாதத்துக்குத் திரும்ப வேண்டுமாம். திரும்பினால் கால் இருக்கும், இல்லாவிட்டால் எடுத்தாக வேண்டும். "ஒடனே சொல்ல முடியாதுங்க. வெரலு சூடாகுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்" என்கிறாள். இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். கிடியன் டீ வாங்கி வந்து வைத்தார், அதுவும் ஆறிவிட்டது. பாதம் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது.

திங்கட்கிழமை, வீட்டிலிருந்து

கடிதத்தைத் தபாலில் போடாமலே வைத்திருந்தேன். பாதிச் செய்தியை உலகத்தின் அந்தக் கோடிக்கு அனுப்பி உன்னைத் தூங்கவிடாமல் செய்ய மனம் வரவில்லை.

ஞாயிறு காலை மிஸ் பிரிங்கிள் என்னைக் கூப்பிட்டு, "நீங்களே தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டேன். நடு விரல்கள் இரண்டும் சூடு. வெளி விரல் ஒன்று பிழைக்காது, அதை எடுக்கப் போகிறார்கள். கால் தப்பியது. நான் வரவேற்பறையில் இருந்த முன்பின் தெரியாத பூனைக்காரம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அந்தப் பூனை என்னைப் பார்த்துச் சீறியது.

ஹோகார்த் நேற்றே வேலி முழுக்க ஏறி இறங்கி, நீலச் சாக்கையெல்லாம் அவிழ்த்துவிட்டு வெள்ளைச் சாக்கைக் கட்டிவிட்டார். யாரும் கேட்கவில்லை. மாலையில் ஒரு பை கோஸோடு வாசலில் நின்றார். "என் ஆடு தின்னதுக்கு" என்றார். சேவலைப் பற்றியும் விசாரித்தேன். அது அவர் டர்னிப் வயலில் ஒரு இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சௌக்கியமாக மேய்ந்துகொண்டிருந்ததாம், பிடித்துக் கழுத்தைத் திருகி முடித்துவிட்டாராம். நல்லது.

இனிமேல்தான் நான் எழுத நினைத்தது வருகிறது. கிடியன் இன்று காலை வந்தார். அடுத்த வேட்டைக்குள் எஸ்டேட்டில் உள்ள நீலக் குழாய் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும் என்றார். "நீலம்னா தாண்டலாம்னு நாய்ங்க மண்டையில ஏறிப்போச்சு. ஊர்ல எவன் எதக் கட்டுவான்னு நமக்கு என்ன தெரியும்? எடுத்துடு நெட்டா" என்றார். அவர் சொல்வது சரி. நாய்களை இனி ஒவ்வொரு வேலியிலும் உட்காரவைத்து, கையால் தூக்கித்தான் தாண்டவிட வேண்டும். இடுப்பு ஒடிந்தாலும் அதுதான் வழி.

குறட்டை எடுத்துக்கொண்டு போனேன். முதல் குழாய் எல்லைவேலியில், ரோவனை நீ இறக்கிய அதே இடத்தில். போன ஜனவரியில் நீயே நட்ட வேலியின் முள்கம்பியில் சிக்கிச் செத்துக்கிடந்த அவனை இறக்கி, தோளில் போட்டுக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கொல்லையில் குழி வெட்டினாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளே குழாயும் கையுமாகக் கிளம்பினாய். பனி உருகும்வரை ஒவ்வொரு தாண்டுமிடமாகப் போய் மாட்டினாய், நாய்களைப் பழக்கினாய், முடித்த வாரமே ஃபாக்லண்டில் வேலை என்று பெட்டி கட்டினாய்.

அந்தக் குழாயை அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். மேலிரண்டு கம்பிகளையும் இடைவெளி இல்லாமல் சேர்த்துக் கட்டியிருக்கிறாய். குழாயின் இரண்டு ஓரத்தையும் ரம்பம் அறுத்த பிசிறு இல்லாமல் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறாய். கட்டுக் கம்பியின் நுனி நாய் வயிற்றில் கீறக்கூடாது என்று உள்பக்கமாக மடக்கிச் செருகியிருக்கிறாய். அந்தக் குளிரில் கையுறை போட்டுக்கொண்டு அதைச் செய்திருக்க முடியாது. அடுத்ததற்குப் போனேன். அதுவும் அப்படியே. இன்னொன்று, அதுவும் அப்படியே. எதிலும் அவசரம் இல்லை. எத்தனை நாள் தனியாக மலையில் நின்று செய்தாய், வாலஸ்? நான் ஒரு நாளாவது கூட வந்து மறுநுனியைப் பிடித்திருக்கலாம். நீ கூப்பிடவில்லை.

முள்கம்பியிலிருந்து நாயைப் பிரித்தெடுக்க எனக்குத் தெரியும். இந்தக் கட்டுகளை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் கிடியன் வந்து ஆச்சா என்று கேட்டார். ஆகவில்லை, நான் கழற்ற மாட்டேன் என்றேன். வேறு ஆளை அனுப்பட்டுமா என்றார். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது, அதுவரை எல்லா நாயும் வாரில்தான் நடக்கும், போட்டவனே வந்து கழற்றுவான் என்று சொல்லிவிட்டேன். ஹோகார்த்தும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கிடியன் என்னையே ஒரு கணம் பார்த்துவிட்டு, "வருவானா?" என்றார். வருவான் என்றேன்.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன், விடிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதே, வாலஸ். கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும், கை காயமில்லாமல் இருக்கட்டும். மறுநுனியைப் பிடிக்க நான் வருகிறேன். வந்துவிடு.

உன்
நெட்டா