கதவில் ஒட்டியிருந்த டயர் அளவு

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் பத்தாவது வார்த்தைக்கே என் குரல் ஏறிவிடும், நீயும் சரிப்பா சரிப்பா என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தில் கத்த முடியாது. பொறுமையாகப் படி.

எனக்கு நெற்றியில் ஒன்பது தையல். உன் தம்பிக்கு இடது முன்கை எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. என் நெற்றியைக் கிழித்தது கண்ணாடி. அவன் கையை முறித்தது நான். விபத்து என்று மட்டும் உன் அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள், அதில் பாதிதான் உண்மை.

நம் கண்ணாடிப் பட்டறை பிக்கப் வண்டியின் நாலு டயரும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. மழை பெய்தால் பிரேக் போட்ட இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் மரச்சட்டத்தில் ஆளுயரக் கண்ணாடிகளை நிறுத்திக்கொண்டு போகிற வண்டி, விளையாட்டில்லை. நானும் உன் தம்பி சின்னவனும் டயர்க்கடைத் தாடிக்காரரிடம் போனோம். டிரைவர் கதவின் உள்விளிம்பில் கம்பெனி ஒட்டின ஸ்டிக்கர் இருக்கிறது இல்லையா, அதில் 265/75, பதினாறு அங்குலம் என்று இருந்தது. அதையே போடச் சொன்னேன். தாடிக்காரர் குனிந்து பழைய டயரைத் துடைத்துப் பார்த்துவிட்டு, இதில் 245/70 என்று இருக்கிறதே, நீங்கள் சொல்வதைப் போட்டால் அகலமும் கூடும் உயரமும் கூடும், அஞ்சரை சென்டிமீட்டர் பெரிய சக்கரமாகிவிடும், லோடு ஏற்றித் திருப்பினால் மட்கார்டில் உரசும் என்றார். நமக்கு வண்டியை விற்றவன் சின்ன டயரை மாட்டி ஏமாற்றியிருக்கிறான் என்று நான் சொன்னேன். என் குணம் உனக்குத் தெரியும், எழுத்தில் இருந்தால் எனக்கு அதுதான் வேதம்.

சின்னவன் மட்டும் விடவில்லை. அந்த ஸ்டிக்கரை நம்பாதீங்கப்பா என்று ஒரு தடவை சொன்னான், இரண்டு தடவை சொன்னான். ஏன்டா என்றால் தரையைப் பார்க்கிறான். மூன்றாவது தடவை சொன்னபோது பளாரென்று அறைந்தேன். கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள், கல்யாண வயசு வந்த பையன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவன் துடைத்துக்கொண்டு ஜாக்கியை எடுத்து வைத்து, நான் சொன்ன டயரையே மாட்டுவதற்குக் கூட நின்றான். வெறும் வண்டியைத் திருப்பிப் பார்த்தோம், உரசவில்லை. பார்த்தாயா என்று தாடிக்காரரிடம் ஜம்பமாகக் கேட்டேன்.

மறுநாள் காலை பதினான்கு கண்ணாடி ஏற்றினோம். நான் ஓட்டுகிறேன் என்றதற்கு வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டான். நத்தை மாதிரி போனான், நான் திட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கரகரவென்று சத்தம், ரப்பர் தீய்கிற வாடை. நிறுத்திப் பார்க்கலாம் என்றான், விடுடா புது டயர் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஆஸ்பத்திரி முக்கில் முழுசாகத் திருப்பும்போது என் பக்கத்துச் சக்கரம் குண்டு போட்ட மாதிரி வெடித்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் மோதி, பின்னாலிருந்த பதினான்கும் சரிந்து நொறுங்கிற்று. முதுகுப் பக்கத்து ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு சில்லு வந்து, திரும்பிப் பார்த்த என் நெற்றியைப் பிளந்தது. ரோட்டில் போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அவன் மெதுவாக ஓட்டியதால்தான் என்று இப்போது தெரிகிறது.

அப்போது தெரியவில்லை. கண்ணுக்குள் ரத்தம் இறங்குகிறது, காலடியெல்லாம் கண்ணாடி. இவன் சொன்னது சரி என்று காட்டத்தான் வேண்டுமென்றே இடித்திருக்கிறான் என்று தோன்றிவிட்டது. சீட்டுக்கு அடியிலிருந்த வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கி, அவனைக் கதவோடு சேர்த்து வைத்து அடித்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, அதற்குப் பிறகும் ஒன்று அடித்தேன். இரண்டு பேர் வந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். அவன் என்னைவிட ஒரு சாண் உயரம், ஒரு தள்ளு தள்ளினால் நான் விழுந்திருப்பேன். கை ஓங்கவில்லை. "உங்க கையிலிருந்து யாரையாவது காப்பாத்திக்கிட்டே இருக்கறதுதான் எனக்குப் பொழப்பாப் போச்சு" என்று மட்டும் சொன்னான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டு போட்டுக்கொண்டு அப்படியே கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டான். என் போனை எடுப்பதில்லை.

நான் வீட்டில் உட்கார்ந்து, கதவிலேயே எழுதியிருக்கிறது, என் மேல் என்ன தப்பு என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம், அவன் இனி இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்றும் சொன்னேன். உன் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிவந்த அவனுடைய சட்டையில் ஒட்டியிருந்த சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கதவே நம்ம கதவு இல்லைங்க" என்றாள்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது நீ ஓட்டிப் பழகுகிறேன் என்று வண்டியை எடுத்துப் பட்டறைத் தூணில் இடித்ததும், கதவு நசுங்கிப்போனதும், நான் திரும்பி வந்தால் உன்னை உயிரோடு விடமாட்டேன் என்று நீ அழுததும், உன் தம்பி பழைய வண்டி உடைக்கிற இடமெல்லாம் அலைந்து அதே வெள்ளையில் ஒரு கதவைக் கொண்டுவந்து மாட்டியதும். அது அதே கம்பெனியின் பெரிய சக்கரம் வைத்த மாடல் வண்டியின் கதவாம். அக்கா பேரைச் சொல்லமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தானாம். நான் வெளியே போய் ஸ்டிக்கரிலிருந்த சேஸிஸ் நம்பரை நம் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஐந்து வருஷம் தினமும் திறந்து மூடின கதவு. ஏன் ஒருத்தர்கூட என்னிடம் சொல்லவில்லை என்று உன் அம்மாவைக் கேட்டேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

அம்மாடி, உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. அன்றைக்குத் தெரிந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நீ பயந்தது சரிதான். வண்டிக்கு இப்போது 245/70 மாட்டியாகிவிட்டது, உரசவில்லை. ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் டயர் மாற்ற அது வேண்டுமே. பின்னால் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். நீயும் உன் காருக்கு டயர் மாற்றும்போது ஸ்டிக்கரை மட்டும் பார்க்காதே, பழைய டயரையும் வண்டிப் புத்தகத்தையும் சேர்த்துப் பார். காற்றைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பே சரிபார்த்துவிடு.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும். உன் வீட்டில் யாரும் யாருக்கும் பயந்து எதையும் மறைக்காமல் இருக்கவேண்டும். மறக்காமல் ஒன்று செய். நீ கூப்பிட்டால் தம்பி எடுப்பான். மன்னிப்பை நானே நேரில் கேட்டுக்கொள்கிறேன், அதை நீ சொல்லவேண்டாம். இது மட்டும் சொல்: அப்பாவுக்குக் கதவு விஷயம் தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்சு இன்னையோட ஆறு நாள் ஆச்சு, அம்மா மேல கை வைக்கல.

இப்படிக்கு,
உன் அப்பா