முப்பத்தொன்று கழியாதவர்கள்

உ
சிவமயம்

புத்தூர்,
22.8.1993

அன்புள்ள மகள் இராசமலருக்கு,

நானும் அம்மாவும் உடம்பளவில் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். உன் ஏப்ரல் மாதக் கடிதம் இந்த மாதம்தான் கைக்கு வந்தது. கிளாலிக் கடலால் வந்த ஒருவர் மடியில் கட்டிக்கொண்டு வந்ததில் ஒரு மூலை நனைந்திருந்தது, எழுத்து அழியவில்லை. இதையும் நாளைக்கு அந்த வழியால் போகிற அயல்வீட்டு இளையதம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் கொழும்பில் தபாலில் போடுவார். மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை என்று தொடங்கினால் உனக்குச் சாப்பாடு இறங்காது, அந்தப் புராணத்தை விடுகிறேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, முருங்கை காய்க்கிறது, பொம்பர் குண்டு போட வந்தால் பதுங்க வளவுக்குள் பங்கர்க் குழியும் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். புத்தூரில் பச்சைக் குழந்தைகள் சாவது மிகக் குறைவு, குருநகரில் பல மடங்கு, அந்த ஊர்த் தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்று உன் பேராசிரியரும் ஒத்துக்கொண்டார், ஒக்டோபரில் ஆய்வைக் கொடுக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். பிள்ளை, அதைக் கொடுக்காதே. கணக்குப் பிழை. பிழை உன்னில் பாதி, என்னில் பாதி, என்னில் பாதிக்கும் கூட என்றுதான் நினைக்கிறேன்.

கண்டுபிடித்தது ஸ்ரெல்லா. வீடு வீடாய்ப் போய்க் கேள்வி கேட்க நீ பழக்கிவிட்ட மூன்று பெட்டைகளில் மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான், ஒருத்தி கனடாவுக்குப் போய்விட்டாள், மற்றவள் இருக்கிற இடம் தெரியாது. ஷெல்லடிக்குப் பயந்து குருநகரை விட்டு வந்து அவளும் தாயும் இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து உன் முடிவை வாசித்துக் காட்டினேன், முகம் கறுத்துப்போயிற்று. எங்கடை சனம் பிள்ளையளைச் சாகவிடுற சனமோ ஐயா என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, தங்களில் குழந்தை மூச்சுக்குத் தவித்தாலே பக்கத்தில் நிற்கிற யாராவது தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்துவிடுவார்கள், அதனால் செத்த பிள்ளையையும் தாய் சாகும்வரை பெயர் சொல்லி எண்ணுவாள், உங்கடை ஆக்கள் எண்ணுறவையோ என்று கேட்டாள். நாங்கள் எங்கே எண்ணுகிறோம். பிறந்த முப்பத்தோராம் நாள் கழிந்து, துடக்குத் தீட்டு நீங்கி, ஐயர் வந்து போனால்தானே எங்களுக்கு அது பிள்ளை. அதற்கு முன் போய்விட்டால் மண்ணில் தாட்டுவிட்டு வந்து பேச்சையே எடுக்கமாட்டோம். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று உன் தாளில் இருக்கிற கேள்விக்கு எந்தத் தாய் அதைச் சேர்த்துச் சொல்லுவாள்?

அந்த லண்டன் கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவள் தானே ஒன்று செய்தாள். எத்தனை தரம் பிள்ளைத்துடக்குக் காத்தனீங்கள், அவ்வளவுதான். குழந்தை தங்கினாலும் தங்காவிட்டாலும் தாய்க்குத் துடக்குத் துடக்குத்தானே. கொப்பி வாங்க வழியில்லை, பள்ளிக்கூடத்துப் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். நீங்கள் முன்பு கேட்ட அதே அறுபது வீடுகள். அப்போது எல்லாமாக இரண்டு சாவு என்று வந்தது, இப்போது ஐம்பத்தொன்பது வீட்டிலேயே பதினொன்று. தாள்களை இதோடு வைத்திருக்கிறேன்.

இனி என் பங்கு. இருபத்தாறு வருடம் இந்த ஊரின் பிறப்பு இறப்புப் பதிவுகாரனாக இருந்தேன். என் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது என்றுதானே உன் கணக்கை நீ நம்பினாய், அப்பாவின் புத்தகத்தில் பிழை வராது என்று பேராசிரியரிடமும் சொன்னாயாம். துடக்கு வீட்டிலிருந்து ஒருவரும் வந்து பதியாவிட்டால் நானும் போய்க் கேட்பதில்லை. தெரியும், தெரிந்தும் எழுதவில்லை. புண்ணைக் கிளறக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அறுபதாவது வீடு எங்கள் வீடு. அந்தத் தாளை முன்பு நீயேதான் நிரப்பினாய், ஒருவரையும் கேட்காமல் ஒன்று என்று போட்டாய். போன செவ்வாய்க்கிழமை ஸ்ரெல்லா வந்தபோது, இங்கே என்ன கேட்கப்போகிறாய், ஒரே ஒரு மகள், அவளும் லண்டனில் என்று நான் சிரித்தேன். அவள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகை நிறுத்தாமல், ரண்டு தரம் பிள்ளை, மூத்தது பொடியன், ஒம்பது நாள் இருந்தவன் என்று சொன்னார்.

மலர், உனக்கு ஓர் அண்ணை இருந்தான். இந்த ஆவணியோடு முப்பத்தாறு வருடம். நான்தான் துவாய்த் துண்டில் சுற்றிக் கொண்டுபோய்த் தாட்டேன். அப்போது வேலை கிடைத்து எட்டு மாதம், புத்தகம் மேசையிலேயே இருந்தது, நான் எழுதவில்லை. எத்தனை பிள்ளை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்று என்று நான் சொல்லச் சொல்ல அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இவ்வளவு காலமும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே என்றார்.

படித்து வந்து இங்கேயே ஆட்களைப் பழக்குவாய் என்றுதான் பல்கலைக்கழகத்தார் உன்னை அனுப்பினார்கள். உனக்கு முன் போன இரண்டு பேரும் வரவில்லை, அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பொம்பருக்குக் கீழே வா என்று எழுத என் கை போகவில்லை, அங்கேயே இருந்துவிடு என்று எழுதவும் போகவில்லை. ஸ்ரெல்லாவுக்குக் கேள்வி கேட்கத் தெரிகிறது, வந்த விடையை வைத்து அடுத்தது என்ன செய்வது என்று தெரியவில்லை, என்னை வந்து கேட்கிறாள், எனக்கு என்ன தெரியும். உன் ஆய்வு ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை, திருத்து, அதில் அவள் பெயரையும் போடு.

காதை மூடிக் கட்டிக்கொண்டு வெளியே போ. பச்சைத்தண்ணீரில் தலை முழுகாதே என்று அம்மா எழுதச் சொன்னார். பிள்ளையார் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். மறந்துவிடாதே, புத்தூருக்குப் பதினொன்று இல்லை, பன்னிரண்டு. உன் கணக்கில் பெயர் எழுத இடம் இராது, நீ மட்டும் தெரிந்து வைத்துக்கொள். முத்துக்குமாரு. என் ஐயாவின், உன் அப்பப்பாவின் பெயர், அம்மா தன் மனத்துக்குள் வைத்தது.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரின் அப்பா,
மு. சீவரத்தினம்