பெட்டியின் மேல் சிங்கம்

இஞ்சாருங்கோ,

இன்று வியா மக்வேதாத் தெருவில் ஒரு பரிசுப்பொருள் கடை வாசலில் அந்தக் கொடியைப் பார்த்தேன். உலகத்துக் கொடிகளையெல்லாம் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சிங்கக்கொடி தலைகீழாகத் தொங்கியது. கடைக்காரனுக்கு எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. நடுத்தெருவில் நின்று சிரித்தேன். நீங்கள் என்றால் உள்ளே போய் அவனுக்கு நன்றி சொல்லியிருப்பீர்கள்.

உங்களுக்கு அது பிடிக்காமல் போனதற்குப் பெரிய அரசியல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கீரிமலைக்குப் பக்கத்தில் நீங்கள் பிறந்த வீட்டை முகாமாக்கிய ஆமிக்காரர் அதைத்தான் கூரையில் ஏற்றினார்கள். கல்யாணமான புதிதில் எனக்கு விளக்கினீர்கள். "வடிவாப் பார். சிங்கத்துக்கு நடுவீடு. எங்களுக்கு ஓரத்திலை ஒரு செம்மஞ்சள் துண்டு. வாளையும் எங்கடை பக்கம் பாத்துத்தான் தூக்கிக்கொண்டு நிக்குது." காட்டில் ஒரு சிங்கம்கூட இல்லாத தீவுக்குச் சிங்கக்கொடி! வெட்கம் கெட்ட வேலை.

இத்தாலிக்கு வந்து, லிபெர்த்தாத் தெருவில் நீங்கள் எங்கள் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் தகப்பனைப் பராமரித்தீர்கள், நான் அதே வீட்டைக் கூட்டித் துடைத்தேன். ஒருநாள் அவளுடைய பேத்தி, பள்ளிக்கூடத்தில் உங்கள் நாட்டைப் பற்றிப் பேசவேண்டும் என்று குசினிக்கு வந்தாள். கிழவருக்குச் சோறு குழைத்துக்கொண்டே பதில் சொன்னீர்கள். மரம்? பனை. பறவை? காகம். பூ? பூவரசம் பூ. மறுநாள் பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். நாட்டின் சின்னங்கள் நாகமரமாம், காட்டுக்கோழியாம், நீல அல்லியாம். எல்லாம் பிழையென்று ஆசிரியை சொல்லிவிட்டாளாம். சிஞ்ஞோரா உங்களை முறைத்தாள். நீங்கள் அசையவில்லை. "அவள் கேட்டது என்ரை நாட்டைப் பற்றி. நான் பொய் சொல்லேல்லை" என்று எனக்குத் தமிழில் சொன்னீர்கள். நீல அல்லியை நானும் கண்டதில்லை. யார் வீட்டுக் குளத்தில் பூக்கிறதோ!

அப்படிப்பட்ட உங்கள் சவப்பெட்டியின் மேல் அந்தக் கொடியைக் கொண்டுவந்து விரித்தாள் சிஞ்ஞோரா. இணையத்தில் வாங்கினாளாம், பளபளவென்ற மலிவுத் துணி. தன் தகப்பனுக்குச் சோறூட்டி மலம் துடைத்த மனிதர் எந்த ஊர் என்று ஒருநாளும் கேட்காதவள், செத்தபிறகு நாட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குக் கண்ணீர் வேறு.

நம் ஆட்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். மேடை கிடைத்தால் மணிக்கணக்காக நாட்டைப் பற்றி முழங்குகிற தமிழ்ச் சங்கத் தலைவர் என் காதருகே குனிந்தார். "விடுங்கோ தங்கச்சி. சிஞ்ஞோராவின்ரை மனம் நோகும். உங்கடை வேலையையும் யோசியுங்கோ." அவருடைய வீரம் அவ்வளவுதான்.

நான் போய் எடுத்தேன். மடிக்கவில்லை. சுருட்டி அவள் கையில் கொடுத்தேன். "இது அவருடையது இல்லை, சிஞ்ஞோரா" என்றேன், என் ஓட்டை இத்தாலியனில். அவள் முகம் சிவந்துபோயிற்று. வெறும் பலகையோடு போனீர்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது. மறுகிழமை என்னை வேலைக்கு வரவேண்டாம் என்றாள். வராவிட்டால் போயிற்று, அவளுடைய பளிங்குத் தரையை அவளே துடைக்கட்டும்.

உங்கள் சாம்பல் அலுமாரியில் இருக்கிறது. அந்தக் கொடி இறங்கினால்தான் ஊருக்குப் போவது என்று வருஷம் வருஷமாகத் தள்ளிப்போட்டீர்கள். அது இறங்கவில்லை, நீங்கள்தான் போய்விட்டீர்கள். "அம்மா, இங்கை மொண்டெல்லோக் கடலிலை கரைச்சா என்ன?" என்று மகள் கேட்கிறாள். மாட்டேன். கீரிமலைக்குத்தான் கொண்டுபோகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

என் பாஸ்போர்ட் அட்டையிலும் அதே சிங்கம்தான், வாளோடு. அதைக் காட்டித்தான் உள்ளே போகவேண்டும். காட்டுவேன், கூச்சம் ஒன்றும் இல்லை. உங்களை வீட்டு வாசல்வரைகூட விடாத சிங்கம், இந்த ஒருமுறை உங்களை முதுகில் சுமந்துகொண்டு போகட்டும்.