தொள்ளாயிரத்தில் தொடங்கும் தரை

மார்ச் 3

கழுத்து வலி, முதுகு வலி, வாயெல்லாம் பல். பதினாறு வருடம் கழித்து இன்று தலைகீழாகத் தொங்கினேன்! விமானப்படைப் பதக்கமெல்லாம் அலமாரியில் கிடக்க, இந்த ஃபிளையிங் கிளப்பில் நான் மறுபடியும் மாணவன். சொல்லித்தருகிறவள் என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். எல்லோரும் சிட்டு என்கிறார்கள். பின் இருக்கையில் உட்கார்ந்து பஸ் கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டே வருகிறாள்: "தரைக்கு ரெண்டாயிரம் அடி இருக்கு சார்... ஆயிரத்து ஐந்நூறு இருக்கு சார்..." எனக்குத் தெரியாதா?

மனைவியிடம் சொன்னேன். "பறங்க. பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. அண்ணாந்து பார்த்தே பாதி ஆயுசு போச்சு" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

மார்ச் 19

படையில், ஓடுபாதையில் நிற்கும்போதே உயரம் காட்டும் முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துவிடுவோம். இங்கே கடல் மட்டத்திலிருந்து கணக்கு. மைதானமே தொள்ளாயிரம் அடி மேட்டில் இருக்கிறது. சும்மா நிற்கும்போதே முள் தொள்ளாயிரம் காட்டுகிறது. அதைக் கழித்தால்தான் தரையிலிருந்து உயரம். சிட்டு இரண்டு தடவை சொன்னாள். "கழித்தல் கணக்கு ஒண்ணாங்கிளாஸ்லயே படிச்சிட்டேம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 4

நாளை தனியாக. மே மாத வான்சாகசக் காட்சியில் எனக்கு ஆறு நிமிடம் கிடைக்குமா என்பது நாளை தெரிந்துவிடும். 

ஏப்ரல் 5



முள்ளில் இரண்டாயிரத்து ஐந்நூறு. மல்லாக்கப் புரட்டி, மூக்கைக் கீழே இழுத்தேன். ஆயிரத்து முந்நூறு இறங்கும், மீதி ஆயிரத்து இருநூறு இருக்கும் — மனசு பழைய கணக்கைத்தான் போட்டது. கழிக்கவே இல்லை! பின்னாலிருந்து கத்தவும் ஆள் இல்லை. கண்ணாடி முழுக்க மரம். கட்டுப்பாட்டு ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்தேன். இழுத்தேன். கண் இருட்டியது. இழுத்தேன். நிமிர்ந்தபோது முந்நூறு அடிதான் மிச்சம். மாடியில் யாரோ காயப்போட்ட போர்வையின் பூக்கள்கூடத் தெரிந்தன.

இறங்கியதும் சிட்டு ஓடிவந்தாள். "என்ன சார் ஆச்சு?"

"ஸ்டிக் இறுகிடுச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 7

விமானத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டிருக்கிறார் மெக்கானிக். "ஒண்ணுமே சிக்கலை சார். என் கைதான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கு. உங்களைக் கொல்லப் பார்த்துட்டேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கிளப் செயலாளர் அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்.

நான் என்ன செய்தேன்? டீ வாங்கிக் கொடுத்தேன். த்தூ!

ஏப்ரல் 8

சொன்னால் மே மாதக் காட்சி போச்சு. தனியாக விடவும் மாட்டார்கள். இந்த வயசில் அதோடு சரி. சொல்லாவிட்டால் அந்த மனுஷனின் வேலை போகும்.

மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முந்நூறு அடி என்றதும் கை நின்றது. "விழுந்திருந்தா அழுதிருப்பேன். இப்படிப் பொய் சொல்லிட்டு வந்து நிக்கறீங்களே, இதுக்கு நான் என்ன செய்யறது?"



ஏப்ரல் 9

செயலாளர் அறையில், மூன்று பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மெக்கானிக் எழுந்து போனார். சிட்டு பொரிந்து தள்ளினாள். "தப்பு யாரு வேணா பண்ணுவாங்க. உங்களை நம்பி அந்த ஆளை நான் திட்டினேன் சார்!"

மே மாதக் காட்சியில் நான் இல்லை. ஆறு மாதம் தனியாகப் பறக்கவும் தடை.

மே 10

இன்று காட்சி. சத்தம் வீடு வரை கேட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

அக்டோபர் 11

தடை முடிந்தது. "பார்த்து ஏறுங்க சார்" என்றார் மெக்கானிக். ஏப்ரலுக்குப் பிறகு அவர் என்னோடு பேசுவது இதுதான் முதல் தடவை.

உட்கார்ந்தால், முள்ளுக்குப் பக்கத்தில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறது. 'தரை 900. கழியுங்க.' முப்பது வருடமாக மளிகைச் சீட்டில் பார்க்கிற கையெழுத்து.

"உங்க வீட்டம்மாதான். காலைலயே வந்துட்டாங்க. இறக்கையில ஏற நான்தான் ஸ்டூல் போட்டேன்" என்றார் அவர்.

வேலிக்கு அந்தப் பக்கம், வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

மேலே போனேன். முள்ளில் மூவாயிரத்து நானூறு. "தரைக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு இருக்கு சார்" என்று எனக்கு நானே கத்திச் சொன்னேன். பிறகுதான் புரட்டினேன்.