உன் காருக்குப் புதுப் பம்பு போட்டாயிற்று

என் யோகன் மச்சானுக்கு,

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. உன் கார் ஓடுகிறது. புதன்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை நானே ஓட்டி வந்தேன். ஒரு இழுவை இல்லை, ஒரு இரைச்சல் இல்லை. பம்பலப்பிட்டிச் சந்தியில் அந்தப் பழைய ஸ்ரீ இலக்கத் தகட்டைப் பார்த்துவிட்டு ஒரு பஸ் டிரைவர் வழி விட்டான் என்றால் நம்புவாயா?

இதை நீ வாசிப்பாயோ தெரியாது. வேறு ஆட்கள் வாசித்தால் வாசிக்கட்டும். ஒரு வருசமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கொட்டாமல் எனக்கு இனி ஏலாது.

நீயும் நானும் கியர்பொக்ஸைக் கழற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? வீடியோ பார்த்துத் தொழில் படித்த ரெண்டு கிழட்டு மெக்கானிக்குகள் என்று என் தங்கச்சி வதனி நக்கலடித்தாள். அவளைக் கட்டிய நாள் முதல் நாம் சேர்ந்து செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான் என்று நீ சொன்னாய். அதையும் நான் உருப்பட விடவில்லை.

ஒட்டோமெட்டிக் காரில் கியர்பொக்ஸுக்குள் இருக்கிற அந்த எண்ணெய்ப் பம்புதான் எல்லாம். அது எண்ணெயைத் தள்ளினால்தான் கியர் பிடிக்கும். தள்ளாவிட்டால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் கார் நின்ற இடத்தில் நிற்கும். பழைய பம்பு இரையத் தொடங்கியதால் புதிது வாங்கிப் போட்டோம். அதற்கு மேல், கொன்வேர்ட்டர் என்கிற அந்தப் பெரிய இரும்புப் பூசணிக்காயைச் சுழற்றிச் சுழற்றி இறக்கவேண்டும். இறங்கும்போது மூன்று தரம் ‘டொக்’ என்று விழும். மூன்றாவது விழுந்தால்தான் அது பம்பின் பற்சில்லைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். விழாமல் போல்ட்டை இறுக்கினால் பற்சில்லு நொறுங்கும்.

நீ காருக்கடியில் படுத்துக்கொண்டு ஜாக்கைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாய். வெளியே கொன்வேர்ட்டரை இறக்கியது நான். நாலு மணி தாண்டிவிட்டது. நாலரைக்கு இராகுகாலம் தொடங்கும், அதற்குமுன் தூக்கிப் பூட்டிவிடவேண்டும் என்று அந்தரப்பட்டதும் நான்தான்.

“மச்சான், மூண்டும் விழுந்ததோ?” என்று அடியிலிருந்து கேட்டாய்.

“ஓம், விழுந்தது” என்றேன்.

ரெண்டுதான் விழுந்தது. நீ போல்ட்டை இறுக்கும்போது கொஞ்சம் முரண்டுபிடித்தது. பழைய சாமான், அப்படித்தான் இருக்கும் என்று நானே உனக்குச் சமாதானமும் சொன்னேன்.

ஆறு வாரம் கார் ஓடியது. பிறகு அந்த வியாழக்கிழமை மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ முன் சீற்றில் சாய்ந்திருந்தாய். வதனி பின்னாலிருந்து உன் தோளைப் பிடித்திருந்தாள். நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கியரைப் போட்டேன். எஞ்சின் கத்தியது, கார் அசையவில்லை. பின்பக்கக் கியரைப் போட்டேன். அதற்கும் அசையவில்லை. ஒழுங்கை முனைக்கு ஓடி ஓட்டோ பிடித்து, உன்னைத் தூக்கி ஏற்றி, காலி வீதிக்கு வருவதற்குள் இருபது நிமிசம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் உன் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த இருபது நிமிசம் கையில் இருந்திருந்தால்? டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. செத்த வீட்டில் எல்லாரும் விதி என்றார்கள். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன். சீ, என்ன மனுசன் நான்.

உன் எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் வதனி ஃபோன் எடுத்தாள். பின்னேரங்களில் காருக்குள்ளிருந்து ஏதோ தட்டுகிற சத்தம் வருகிறதாம். பூனையாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்து பார்த்தேன். பட்டரி வயர் கழற்றிக் கிடந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. பொனற்றில் கை வைத்துக்கொண்டு நின்றபோது அடியிலிருந்து கேட்டது. டொக். டொக். அவ்வளவுதான். மூன்றாவதுக்காகக் காத்து நின்றேன். வரவில்லை.

வெயில் இறங்கத் தகரம் இறுகுகிற சத்தம் என்று அவளுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு பின்னேரங்களில் உங்கள் வீட்டுப் பக்கம் போகவேயில்லை. வேலை, முழங்கால் நோ, மழை. சாக்குக்கா பஞ்சம்?

இந்த மாதம் உன் ஆட்டத்திவசம், நீ போய் ஒரு வருசம். முகத்துவாரத்தில் உன் சாம்பலைக் கரைத்த இடத்துக்கு உன் காரில்தான் போகவேண்டும் என்று வதனி ஒற்றைக்காலில் நின்றாள். வேறு வழியில்லாமல் காரை லொறியில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். அங்கே அன்ரன் பாஸ் என்று ஒரு மெக்கானிக், இந்தக் காலத்துக் கார்களைத் தொடவே மாட்டார், பழசுக்குத்தான் வைத்தியம் பார்ப்பார். திங்கட்கிழமை என் முன்னாலேயே கியர்பொக்ஸை இறக்கிப் பம்பைக் கழற்றினார். பற்சில்லில் கொன்வேர்ட்டரைக் கவ்வும் ரெண்டு காதுகளில் ஒன்று ஒடிந்து போயிருந்தது. மற்றது மடங்கிக் கிடந்தது.

“இது தேஞ்சது இல்ல ஐயா. சரியா ஒக்கார வைக்காம இறுக்கி ஒடைச்சிருக்காங்க. வெடிப்போட கொஞ்ச நாள் ஓடியிருக்கும். யார் பூட்டினது?”

முன்பு வைத்திருந்த ஒரு மெக்கானிக் என்றேன். உனக்குச் சொன்ன பொய்க்கு ஒரு தம்பியும் பிறந்தாயிற்று.

அன்று பின்னேரமே புதுப் பம்பைப் பூட்டிவிட்டுப் பாஸ் கொன்வேர்ட்டரை இறக்கினார். டொக். டொக். அதோடு நின்றுவிட்டது. அவருக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. வெளியே எடுத்தார், துடைத்தார், மறுபடி இறக்கினார். ரெண்டுதான். இன்னொரு தரம். அப்போதும் ரெண்டுதான். கடைசியில் அலுத்துப்போய் என்னையும் ஒரு கை வைக்கச் சொன்னார்.

வைத்தேன். மனதுக்குள், மச்சான், ரெண்டுதான் விழுந்தது, நான் பொய் சொன்னனான் என்றேன். உதடுகூட அசையவில்லை. என் உள்ளங்கைக்குக் கீழே கொன்வேர்ட்டர் மெல்லத் திரும்பியது. நான் திருப்பவில்லை. டொக் என்று இறங்கி உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், பாஸ் ரெண்டடி தள்ளி நின்று துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

“நான் அப்பவே கைய எடுத்துட்டேனே” என்றார். பிறகு சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காரைக் கொண்டுவந்து போர்ட்டிகோவில் விட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போனேன். வதனி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இராகுகாலம், ரெண்டு தட்டு, நான் சொன்ன பொய், உடைந்த பற்சில்லு. எந்த ஒழுங்கில் சொன்னேன் என்று நினைவில்லை. குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதது நினைவிருக்கிறது. அவள் முறிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும் அண்ணா. அவர் சொன்னவர்.”

அப்படியானால் நீ தெரிந்துகொண்டா போல்ட்டை இறுக்கினாய்? என்னை வெட்கப்படுத்தக் கூடாது என்றா? செத்த மனுசன் என்றும் பாராமல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எப்போது சொன்னான், பூட்டிய அன்றைக்கா என்று கேட்டேன்.

“இல்லை. இந்தத் திங்கட்கிழமை பின்னேரம்.”

நான் கராஜில் கை வைத்த அதே பின்னேரம். என்னோடு கோபமாக இருக்கிறானா என்று மட்டும் கேட்டேன்.

“என்னட்டை ஏன் கேக்கிறியள்? காருக்குள்ளதானே இருக்கிறார். போய்க் கேளுங்கோ” என்றாள், கறிக்கு உப்புப் போதுமோ என்று கேட்கிற குரலில்.

போகவில்லை மச்சான். குசினிக் கதவால் இறங்கி, பின்மதில் ஓரமாக நடந்து, வெறுங்காலோடு காலி வீதிக்கு வந்து பஸ் ஏறினேன். என் செருப்பு இன்னும் உன் போர்ட்டிகோவில்தான் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை திவசம். அன்றைக்கு முன்வாசல் கேற்றால்தான் வருவேன், இது சத்தியம். வதனி பின்னால் இருக்கட்டும், நீ உன் இடத்தில் இரு. முகத்துவாரம் போய்ச் சேருமுன் எங்காவது ஓரமாக நிறுத்தி, உன் பக்கம் திரும்பி, மனதுக்குள் சொன்னதை வாய் திறந்து சொல்வேன். அதன்பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். கதவைத் திறந்து இறங்கி ஓடமாட்டேன்.

உன் மச்சான்,
வதனியின் அண்ணன்,
சிவம்