குளிரில் விரிசல் விட்ட பிரேக் குழாய்

கிரேஸ்டோன், சஸ்காட்சவன், கனடா
நவம்பர் முதல் வாரம்

மதிப்புக்குரிய ஆய்வுப் பிரிவுத் தலைவர் கோர்டன் ஹாசல்பேக் அவர்களுக்கு,

உன்னோடு ஒரே மேசையில் பொறியியல் படித்த லோர்னா எழுதுகிறேன். இங்கே நலம். உன் நலத்தைத் தனியாக விசாரிக்கத் தேவையில்லை. எங்கள் பல்கலைக்கழகக் கட்டட வாசலில் உன் படம் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் கட்டிக் கொடுத்த ஆய்வகம் பளபளவென்று இருக்கிறது. கதவில், சுவரில், காபிக் கோப்பையில்கூட உங்கள் நிறுவனத்தின் பெயர். எங்கள் டீன் விட்ஃபீல்ட் தும்மினால்கூட உங்களிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் தும்முகிறார்.

என் ஆராய்ச்சி மாணவி ரமோனா டெஜார்லேயை நீ பார்த்திருக்கிறாய். திறப்பு விழாவில் உனக்குக் குளிர் அறையைச் சுற்றிக் காட்டியவள். பள்ளிப் பேருந்துகளுக்காக நீங்கள் செய்கிற பிரேக் குழாய்களை அந்த அறையில்தான் சோதித்தாள். இங்கே ஜனவரியில் அடிக்கிற குளிருக்கு அவை விரிசல் விட்டன. திரும்பத் திரும்பச் சோதித்தாள். திரும்பத் திரும்ப அதேதான். உன் பெயருக்கே எழுதித் தெரிவித்தோம். புதுக் குழாய் வரும் என்று பார்த்தால் வக்கீல் வந்தார். ஒப்பந்தப்படி உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு வரியும் வெளியே போகக் கூடாதாம்.

டீன் ரமோனாவைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பொறுத்துப் போம்மா. அவங்க கையை உதறிட்டா துறையையே இழுத்து மூடணும்" என்றார்.

"சரி சார். பஸ்ல போற பிள்ளைங்ககிட்ட யாரு சொல்றது, நீங்களா நானா?" என்று கேட்டாள் அவள்.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் மனமொன்றிச் செய்த ஒரே ஆராய்ச்சி அதுதான்.

மறுநாளே அவள் முடிவுகளைப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பிவிட்டாள். நானும் கையெழுத்துப் போட்டேன். அவளுடைய உதவித்தொகை நின்றது. முனைவர் பட்டம் அந்தரத்தில் தொங்குகிறது. என்னை ஆய்வகத்துக்குள் விடுவதில்லை. ஆனாலும் மாகாணம் முழுக்க அந்தப் பேருந்துகளை ஓரங்கட்டிவிட்டார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து விடுகிறார்கள், எங்களைத் திட்டிக்கொண்டே.

அடுத்த வாரம் பாதுகாப்புத் துறையின் விசாரணை. எங்கள் முடிவுகள் உனக்கு வந்தே சேரவில்லை என்று சொல்லப்போகிறாயாம். சொல்வாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சாமர்த்தியத்துக்குத்தானே உனக்கு அந்த நாற்காலி. ஆனால் ரமோனா எதிரே உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.

கோர்டன், உனக்காக நான் எதையும் வேண்டி வெகுகாலம் ஆயிற்று. அந்த ஒரு காலைப்பொழுதாவது நீ பொறியாளனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

லோர்னா பெட்ரிக்